பொறுப்பும் சான்றிதழும்

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்துதான் ஏலக்காய்க்கு விலை கேட்கிறார்கள். மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, நிறமும் பருமனும் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார்கள். நெட்வொர்க் படுத்துவிட்டால் ஏலமும் நின்றுபோகும். அந்த நேரத்தில் யாரை எந்த வேலைக்கு விடுவது, காத்திருக்கிற வியாபாரிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்த ஆள் வேண்டும். அவர்தான் ஐடி மேலாளர்.

போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரி 2012-இல் வந்தது. அங்கே படித்து முடித்து சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எம்பிஏ இல்லாமல் மேலாளர் ஆக முடியாது என்று பயந்து கடன் வாங்காதீர்கள். அதற்குப் பதில் சான்றிதழ்த் தேர்வுகள் இருக்கின்றன. ஐடி சேவை மேலாண்மைக்கான ஐடிஐஎல் அடிப்படைத் தேர்வை அனுபவம் இல்லாதவர்களும் எழுதலாம். திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழ் அப்படியல்ல. நான்காண்டுப் பட்டதாரி என்றால் 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்பார்கள். அதனால் இப்போதே அலுவலகத்தில் ஒரு சின்னப் பொறுப்பையாவது கேட்டு வாங்குங்கள். செய்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையதளத்தில் மேலாண்மைப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். அடுத்த பருவத்துக்குத் தவறாமல் பதிவு செய்துவிடுங்கள்.