ராஜா தன்னைத் தானே எடுத்த படம்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாகலாபுரத்தில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தபோது, பயிர்க்கடன் படிவங்களில் ஒட்டிய பாஸ்போர்ட் போட்டோக்களைத் தினமும் பார்ப்பேன். பருத்தி போடுகிறவர், மிளகாய் போடுகிறவர், எல்லோர் முகத்திலும் ஒரே விறைப்பு. நேரில் வாய் ஓயாதவர்கூடப் படத்தில் அப்படித்தான் இருப்பார். தன் படம் எப்படி இருக்க வேண்டும் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

இசை, புகைப்படம் இரண்டிலும் ஈடுபட்டவர் என்றால் நமக்குச் சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) நினைவுக்கு வருவார். அவருக்கும் முந்திய தலைமுறை, ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் ராம் சிங். 1835 முதல் 1880 வரை ஆட்சி. ரஜப் அலி கான் போன்ற வித்துவான்களை அரசவையில் வைத்து இசையை வளர்த்தவர்; காமிராவையும் தானே கையாண்டவர்.

அன்றைய வேலை லேசானதல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, சில்வர் நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். எடுப்பவரே எதிரில் உட்கார்ந்தால் லென்ஸ் மூடியைத் திறப்பது யார்? உதவியாள் ஒருவர் திறந்திருக்கலாம். ஆனாலும் உடை, இருக்கை, பார்வை எல்லாம் ராஜாவின் தீர்மானம். ஆகவே படம் அவருடையதுதான் என்பது என் கட்சி.

அவர் எடுத்துக்கொண்ட படங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது, 1870 வாக்கில் எடுத்த ஒன்று. கிரீடமில்லை, வாளில்லை. நெற்றியில் சைவக் குறி, உருத்திராட்சம், பக்கத்தில் பூசைப் பாத்திரங்கள். ஒரு சிவபக்தர் உட்கார்ந்திருக்கிறார்.

அதே காலத்தில்தான் ஆங்கிலேய அரசு, 'இந்திய மக்கள்' என்ற பெயரில் நம்மவர்களைச் சாதிவாரியாகப் படமெடுத்து, 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. நம் கடன் படிவம் போலத்தான்: ஆளுக்கு ஒரு தலைப்பு, கீழே ஒரு விவரம். அந்த நாளில் ஓர் இந்தியர், 'என்னை இப்படிப் பாருங்கள்' என்று தானே முடிவு செய்து உட்கார்ந்தார். ராஜா என்பதால் முடிந்தது என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை.

அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் ஜெய்ப்பூர் அரண்மனை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் தாத்தா பாட்டி படங்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதிக்கொண்டு வந்தால் நல்லது. பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.