காதிரைச்சலுக்கு ஓசையே மருந்தான கதை

திருவனந்தபுரத்துக் கரமனையிலிருந்து பேசுகிறேன். இடவப்பாதி மழை ஓட்டுக்கூரையில் கொட்டும்போது காதிரைச்சல் தெரிவதே இல்லை, மழை விட்டதும் வந்துவிடுகிறது என்று இங்கே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஒரு கிரேக்க நூலிலும் இதே கேள்வி இருக்கிறது: வெளியே சத்தம் எழுந்தால் உள்ளே இரைவது ஏன் அடங்குகிறது? பெரிய ஓசை சின்னதை விரட்டிவிடுகிறது என்பது அதில் உள்ள பதில். நம் சுசுருத சம்ஹிதையில் இந்த நோய்க்குப் பெயர் கர்ணநாதம். காதில் எண்ணெய் விடுவது அங்கே சிகிச்சை.

ஓசையையே மருந்தாக எழுதிக்கொடுத்தவர் பாரிஸ் மருத்துவர் இட்டார். காது கேளாத பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழித்தவர். 1821-ல் வந்த அவர் நூல் சொல்கிறது: உறுமல் கேட்டால் கணப்பில் தீயை நன்றாக எரியவிடு. சீறல் என்றால் ஈர விறகு போடு. மணியோசை என்றால் உலோகப் பாத்திரத்தில் தண்ணீர் சொட்டட்டும். எதற்கும் மசியாவிட்டால் நீராலைப் பக்கம் குடிபோ! ஒவ்வொருவர் காதில் கேட்பதற்கும் ஏற்ற ஓசையைத் தேடிய அந்தப் பொறுமைக்காகவே இவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

1970-களில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஒரு நீரூற்று. காதிரைச்சலால் தவித்த சார்லஸ் யூனிஸ் என்ற மருத்துவர் அதன் அருகில் நின்றதும் இரைச்சல் மறைந்தது. உடனிருந்த செவி ஆய்வாளர் ஜாக் வெர்னன் அதைப் பிடித்துக்கொண்டார். வெளியோசையால் இரைச்சலை மூழ்கடிக்கும், காதில் மாட்டும் மாஸ்கர் கருவி பிறந்தது.

1990-ல் யாஸ்ட்ரெபோஃப் என்ற ஆய்வாளர் இந்தப் போக்கையே மாற்றினார். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் பழுதானால் மூளைக்கு வரும் ஒலி குறைகிறது. மூளை அதை ஈடுகட்டத் தன் கூர்மையைக் கூட்டுகிறது; அதுவே இரைச்சலாகக் கேட்கிறது. அந்த இரைச்சலை ஆபத்து என்று மனம் பதித்துக்கொண்டால்தான் வேதனை. ஆகவே மூழ்கடிக்காதீர்கள், இரைச்சலைவிடச் சற்றுத் தாழ்ந்த ஓசை கூடவே ஓடட்டும், மூளை பழகட்டும் என்றார்.

குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒலிக்கருவிகள் மற்ற வழிகளைவிட மேலானவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2018-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. மனப்பயிற்சிச் சிகிச்சை வேதனையைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. ஆனாலும் தூக்கம் வராத இரவில் மின்விசிறியோ மெல்லிய மழையோசையோ தரும் ஆறுதல் சிறியதல்ல.

காதிரைச்சல் இருந்தால் முதலில் செவித்திறன் சோதனை. 1997-ல் தொடங்கிய நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம் நமக்கு ஆக்குளத்தில் இருக்கிறது. ஒரு காதில் மட்டும் இரைந்தால், நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தால், காதை நன்றாகப் பரிசோதிக்க வேண்டும். திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது மருத்துவரிடம் போங்கள்.