உட்கார்ந்தா சரியாகுதே, இது என்ன நோவு?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் இருபது வருசம் தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினவ. மழை பெஞ்சா கரிசக்காட்டுல களையெடுப்பு, பருத்தியெடுப்பு. இப்ப வயசு 58.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு வலி வந்துச்சு. குனிஞ்சு களை எடுக்கும்போது ஒண்ணும் செய்யாது. நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தா ரெண்டு காலும் கனக்கும், மரத்துப்போகும். கம்மாக்கரையில உட்கார்ந்தா போயிரும். எந்திரிச்சு நடந்தா மறுபடி வரும். "உட்கார்ந்தா சரியாகுதுன்னா அது என்ன நோவு? வேலைக்குக் கள்ளம்"னு வீட்டுலயே சொன்னாங்க. அந்தச் சொல்லுதான் வலியவிடப் பெருசா இருந்துச்சு. நானும் வாயுன்னு நினைச்சு எண்ணெய் தேய்ச்சேன். கடையில மாத்திரை வாங்கி ஆறு மாசம் முழுங்கினேன். குழுவுல வாங்கின கடன் அதுக்கே போச்சு.

கடைசியா அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்தா வலி குறையுதா?"ன்னு டாக்டர் கேட்டார். ஆமான்னேன். அவர் சொன்னதைச் சொல்றேன்.

முதுகெலும்புக்குள்ள குழாய் மாதிரி ஒரு பாதை இருக்கு. அதுக்குள்ளதான் நரம்பு போகுது. வயசாக ஆக எலும்பு தடிச்சு, சவ்வு தடிச்சு, தட்டு பிதுங்கி அந்தப் பாதை குறுகிப்போகும். நிமிர்ந்தா இன்னும் நெருக்கும். குனிஞ்சா, உட்கார்ந்தா கொஞ்சம் விரியும். அதனாலதான் வலி போகுது. இது கள்ளமில்ல, நோவுதான்.

நின்னாலே வலி போயிருச்சுன்னா ரத்தக்குழாய் அடைப்பாவும் இருக்கலாம். சர்க்கரையாலயும் கால் மரக்கும். அதனால டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பாங்க.

எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்ல. எனக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. மல்லாக்கப் படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கணும். கொஞ்சம் நடந்து, உட்கார்ந்து, திரும்ப நடக்கணும். பின்னால வளையக் கூடாது. ரெண்டு குடமா சுமக்கிறதை விட்டேன். வலி மாத்திரையை நாமளா வாங்கித் தின்னா வயிறும் கிட்னியும் கெடும். இதுல குறையாம நடக்கவே முடியலன்னா, நரம்பை நெருக்குற எலும்பை எடுத்துவிடுற ஆபரேஷன் இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வச்சிருக்கவங்க அதுல வருமான்னு ஆஸ்பத்திரியில கேளுங்க.

ஆனா இதை மட்டும் மறக்காதீங்க:

- ஒண்ணுக்கு, வெளிக்கு அடக்க முடியல, இல்ல வரவே மாட்டேங்குது
- உட்காருற இடம் மரத்துப்போச்சு
- பாதம் தொங்குது, கால்ல பலம் குறையுது
- கை மரத்து, ஜாக்கெட் ஊக்கு மாட்ட வரல, நடை தள்ளாடுது (இது கழுத்துல வர்ற நெருக்கம்)

இதுல எது வந்தாலும் தாமதிக்காம டாக்டர்கிட்டப் போங்க. முதல் மூணுல ஒண்ணு திடீர்னு வந்தா அன்னைக்கே 108-ஐக் கூப்பிடுங்க. நாள் கடத்தினா போன பலம் திரும்பாமலே போயிரும்.

நான் இப்ப நடந்துதான் இந்தக் கூட்டத்துக்கு வந்தேன், நடுவுல ஒரு தடவை உட்கார்ந்து. வாராவாரம் குழுவுல சேமிப்பைக் கேட்கிறோம், தவணையைக் கேட்கிறோம். "யாருக்காவது நடந்தா கால் கனக்குதா?"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. என்னை மாதிரி வெளிய சொல்லாம ஒருத்தி உட்கார்ந்திருப்பா.