கிராமத்தில் வீடு வாங்குதலும் விற்றலும்

நம் கிராமங்களில் வீடு கைமாறும்போது வீட்டுவரி ரசீதையே பெரிதாக நம்புகிறோம். அது வரி செலுத்தியதற்குச் சான்றேயன்றி உரிமைக்குச் சான்று அன்று. நத்தம் மனையாயின் பட்டாவையும், மூலப் பத்திரங்களையும் முதலிற் பார்த்தல் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பெறுவோம். ஆயினும் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை அதில் தோன்றாது.

அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. இந்துக் குடும்பத்தில் தகப்பனார் தாம் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவர் மனைவியும் பெண்மக்களும் பங்குடையோர் ஆவர். "சீர் செய்து கட்டிக்கொடுத்துவிட்டோமே" என்று சகோதரர்கள் சொல்வது சட்டத்தின் முன் நில்லாது. அவர்கள் கையொப்பமின்றி வாங்கியவரே பின்னர்க் கோர்ட்டுக்கு அலைகிறார்.

100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள கிரயம் பதிவாக வேண்டும். பத்திரம் எழுதிய நான்கு மாதத்திற்குள் தாக்கல் செய்தல் அவசியம். விற்போரும், கிரயத் தொகை முழுதும் கைக்கு வந்த பின்னரே ஒப்பமிடுவாராக.