கித்துள் கருப்பட்டியும் சீனித்துளசியும்

பதுளையிலிருந்து பசறை நோக்கி ஏறும் மலைப்பாதையின் ஓரத்தில் உள்ள தோட்டமொன்றின் லயத்தை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். விடியுமுன் அடுப்பு எரிகிறது. சாயம் கொதிக்கிறது. வீட்டு முதியவர் ஒரு கையில் கோப்பையும் மறு உள்ளங்கையில் கித்துள் கருப்பட்டித் துண்டொன்றுமாக வாசற்படியில் அமர்கிறார். கருப்பட்டியில் ஒரு கடி, தேநீரில் ஒரு மிடறு. சிங்களக் கிராமத்துக்கும் தமிழ்த் தோட்டத்துக்கும் பொதுவான பழக்கம் இது. சீனி பங்கீட்டில் மட்டும் கிடைத்த 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், இந்தத் துண்டும் கிடைக்காத வீடுகள் பல இருந்தன. 2021ஆம் ஆண்டில் சீனிக்கு மீண்டும் தட்டுப்பாடு வந்தபொழுது பலருக்குக் கருப்பட்டியின் நினைவு வந்தது.

அந்த முதியவருக்கு நீரிழிவு கண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் வழக்கில் சொன்னால் சீனி வருத்தம். "சீனியை நிறுத்துங்கள்" என்று வைத்தியர் கூறியிருக்கிறார். அவரும் அச்சொல்லை மீறவில்லை. சீனிப் போத்தல் வீட்டிலிருந்து அகன்றுவிட்டது. அதன் இடத்தில் கருப்பட்டி வந்திருக்கிறது. முன்பு காலையில் மட்டும் கடித்த துண்டு, இப்பொழுது நாளொன்றுக்கு ஐந்து முறை. மகளும் மருமகளும், "சீனிதானே ஆகாது, இது மரத்திலிருந்து வருவது" என்று அன்போடு எடுத்துக் கொடுக்கின்றனர். மாதந்தோறும் இரத்தத்தைச் சோதிக்கும்பொழுது அளவு குறையக் காணோம். மாத்திரையின்மீது பழி விழுகிறது.

இப்பிழையை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. பாதிக் குற்றம் சொல்லின்மீதே உள்ளது. வைத்தியர் சீனி என்று கூறுகையில் இனிக்கும் அனைத்தையும் எண்ணிக் கூறுகிறார். கேட்பவருக்கோ சீனி என்பது கடையில் நிறுத்து வாங்கும் வெள்ளை மணி ஒன்றே. மற்றொரு பாதி, இயற்கை என்னும் சொல்லைப் பற்றியது. இயற்கையில் விளைவது உடலுக்குத் தீங்கு செய்யாது என்பது பலர் நம்பிக்கை. அங்ஙனமாயின் கரும்பு எதில் விளைகிறது? ஊவாவின் தாழ்நிலமாகிய மொனராகலை மாவட்டத்தில், பெல்வத்தையிலும் செவனகலையிலும் உள்ள ஆலைகளுக்குச் செல்லும் கரும்பும் தாவரமே அன்றோ!

கித்துளைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லத் தகும். தமிழில் இதற்குக் கூந்தற்பனை என்று அழகிய பெயர் உண்டு. பாளை விரிந்து தொங்கும் தோற்றம் அவிழ்ந்த கூந்தலை ஒத்திருக்கும். மரம் பருவம் எய்தியபின் முதற்பாளை உச்சியில் தோன்றும். அடுத்தடுத்த பாளைகள் படிப்படியாகக் கீழிறங்கும். கடைசிப் பாளையோடு மரத்தின் வாழ்வும் முடியும். சீவுவோர் இளம்பாளையை வெட்டி, மருந்து வைத்துக் கட்டிப் பக்குவப்படுத்துவர். இம்மருந்தின் சேர்மானம் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். தந்தை மகனுக்கு அன்றிப் பிறருக்குச் சொல்லாத வீடுகளும் உண்டு. பின்னர்க் காலையும் மாலையும் மரமேறி, பாளை நுனியை மெல்லியதாகச் சீவிப் பதநீரை இறக்குவர். அது புளித்தால் கள். புளிக்குமுன் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. ஒரு போத்தல் பாணிக்கு ஏறக்குறைய ஆறேழு போத்தல் பதநீர் வேண்டும். அத்தனைக்கும் விறகும், அடுப்பருகே நெடுநேரம் நின்று கிண்டும் பெண்களின் கையும் வேண்டும்.

இந்தக் கணக்கை அறிந்தவர், தெருவோரத்தில் மிக மலிவாக விற்கும் பாணிப் போத்தலைக் கண்டு மகிழமாட்டார். கித்துள் பாணி என்று விற்கப்படுவதில் சீனிப்பாகு கலந்தது ஏராளம். தண்ணீரில் விட்டுப் பார்த்தல், நெருப்பில் காட்டிப் பார்த்தல் எனப் பல சோதனைகள் ஊரில் சொல்லப்படுகின்றன. அவற்றை முற்றும் நம்புதற்கில்லை. நல்ல கித்துள் கருப்பட்டி மழைக்காலத்தில் சற்று இளகும். கடித்தால் மெல்லென உடையும். புகை மணமும் சிறு துவர்ப்பும் இருக்கும். கல்லெனக் கடினமாய், உடைத்த முகத்தில் மணிமணியாய் மினுங்குமாயின் ஐயுறுதல் நன்று. அறிந்த சீவுகாரரிடம், கேட்ட விலை கொடுத்து வாங்குதலே சிறந்த வழி.

இனி, தூய கருப்பட்டியே கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், அதிலுள்ள இனிப்பின் பெரும்பகுதி சுக்குரோசு என்னும் அதே சர்க்கரைதான். 10 கிராம் துண்டில் ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை. மீதியில் ஈரமும், சிறிதளவு தாதுப்பொருள்களும், நிறமும் மணமும் தரும் பொருள்களும் உள்ளன. அத்தாதுப்பொருள்களை வேண்டி உண்பதாயின் கீரையும் பயறும் மலிவானவை. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக்கும் இதுவே விதி. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல், உணவிற் சேர்க்கும் சீனியோடு தேனையும் பாகுகளையும் ஒரே கணக்கில் வைக்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இவை எல்லாம் சேர்ந்து 50 கிராமுக்குள் அடங்கவேண்டும். 25 கிராம் எனில் இன்னும் நன்று. இரண்டு தேக்கரண்டிச் சீனியிட்ட தேநீர் ஐந்து கோப்பை குடித்தாலே 50 கிராம் ஆகிவிடும்.

ஆகவே உடல்நலமுடையோர் கித்துளை அதன் சுவைக்காகவும், அதனை இறக்குவோர் பிழைப்புக்காகவும் விரும்பி வாங்கலாம். எருமைத்தயிரின்மேல் சிறிது பாணி விட்டு உண்பதை யாரும் தடுக்கவில்லை. நீரிழிவுக்கு மாற்றாக மட்டும் அதனை எண்ணலாகாது.

அங்ஙனமாயின் உண்மையான மாற்று ஏதும் உண்டா? உண்டு. சீனித்துளசி என்று தமிழில் வழங்கும் ஸ்டீவியா அத்தகையது. பெயரில் துளசி இருப்பினும் துளசிக்கும் அதற்கும் உறவில்லை. சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டுக் குவாரனி மக்கள் இதன் இலையை நெடுங்காலமாக இனிப்புக்குப் பயன்படுத்தினர். 1899ஆம் ஆண்டு மொய்சேஸ் பெர்த்தோனி என்னும் சுவிஸ் நாட்டு அறிஞர் இதனைத் தாவரவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். 1970ஆம் ஆண்டுகளில் யப்பானியர் இதன் சாரத்தைப் பெருமளவில் உணவிற் சேர்க்கத் தொடங்கினர். தூய்மை செய்த சாரம் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது.

ஆயினும் வாங்குமுன் பொதியின் பின்புறத்தைப் படித்தல் வேண்டும். சாரம் மிகச் சிறிதளவே போதுமாதலால், கரண்டியில் அள்ளத்தக்க அளவு வருவதற்குப் பிற பொருள்களைக் கலக்கின்றனர். அவை டெக்ஸ்ட்ரோசு, மால்டோடெக்ஸ்ட்ரின் என்பவையாயின், கதவை அடைத்துவிட்டுச் சன்னல் வழியே சர்க்கரையை அழைத்த கதையாகும். தொட்டியில் செடி வளர்த்து இலையைப் பொடித்துக்கொள்ளும் ஆர்வமும் சிலருக்கு உண்டு. நிபுணர் குழு 2008ஆம் ஆண்டு பாதுகாப்பானது என ஒப்பி அளவு வகுத்தது தூய்மை செய்த சாரத்துக்கே. வீட்டில் இடித்த பொடிக்கு அன்று. பழகாத நாவுக்கு இறுதியில் அதிமதுரம்போல் ஒரு கசப்பும் நிற்கும். பாகுபதம் வராதாகையால் தீபாவளிப் பலகாரத்துக்கு உதவாது. உடல் எடையைக் குறைக்கும் பொருட்டு இத்தகைய இனிப்புகளை நாடவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு பரிந்துரைத்தது; ஏற்கெனவே நீரிழிவுடையோரை அப்பரிந்துரை குறிக்கவில்லை.

ஊவாவின் தேயிலை வெறுமனே குடித்தாலும் மணம் குன்றாதது. வாரத்துக்கு அரைக்கரண்டியாக இனிப்பைக் குறைத்துவந்தால் ஓரிரு மாதத்தில் நாக்கு இணங்கிவிடும். பொதியில் வாங்கும் எந்தச் சாரத்தையும்விட இது மலிவு.

இன்னொன்று உண்டு, இதனைப் பெரும்பாலோர் சொல்லத் தவறுகின்றனர். நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுவோருக்கும், கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை உண்போருக்கும், வேளைக்கு உண்ணாமல் மலையேறி உழைத்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும், பேச்சுக் குழறும். அவ்வேளையில் சீனித்துளசிச் சாரத்தை நாவிலிட்டுப் பயனில்லை. இனிக்குமேயன்றி உடலுக்கு ஒன்றும் தராது. உணர்வு தெளிவாக இருக்கும்பொழுதே 15 கிராம் அளவு, அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். கொழுந்து மலையில் சீனிக்கு எங்கே போவது? லயத்து வாசலில் விலக்கவேண்டிய அதே கித்துள் துண்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்தால், அங்கே மருந்தாகும். அதனை நன்கு மென்று விழுங்கி, கால்மணி நேரம் அமர்ந்து, நடுக்கம் தணியாவிடில் இன்னொரு முறை உண்டு, பின்னர்ச் சோறோ ரொட்டியோ சாப்பிடவேண்டும். மயங்கி வீழ்ந்தவர் வாயில் மட்டும் எதனையும் ஊட்டலாகாது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.