மாத்தளை மிளகும் நமது ஊக்கிகளும்



அற்கீன்களையும் நைதரசன் வளையச் சேர்வைகளையும் ஊக்கிகளின் துணையோடு தொகுப்பது பற்றிப் பேச மாத்தளையில் கூடியிருக்கிறோம். இடம் பொருத்தமானது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. காலையில் கண்டிப் பாதையால் வந்தவர்கள் கிளிரிசீடியா மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளைப் பார்த்திருப்பீர்கள். நாம் பேசவிருக்கும் இரண்டும் அந்த மிளகின் காரப்பொருளான பைப்பரினில் ஒன்றாக இருக்கின்றன: ஓர் ஓரத்தில் ஐந்து காபனும் ஒரு நைதரசனும் சேர்ந்த பிப்பரிடீன் வளையம், நடுவே அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்புகள்.

1819இல் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் இதைப் பிரித்தெடுத்தார். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை மறு வருடம் கண்டறிந்தவரும் அவரே. நானும் மாணவப் பருவத்தில் இதைப் பிரித்திருக்கிறேன். மிளகுத்தூளை எதனோலில் கொதிக்கவைத்து வடித்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுச் சேர்த்து, தெளிந்ததில் துளித்துளியாக நீர் விட்டு மூடிவைத்தேன். மறுநாள் குடுவையின் அடியில் வெளிர்மஞ்சள் ஊசிப் பளிங்குகள். அந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

ஆனால் பைப்பரின் கரைசலை வெயிலில் வைத்துவிட்டால் இரட்டைப் பிணைப்புகள் திரான்ஸ் அமைப்பிலிருந்து சிஸ் அமைப்புக்குத் திரும்பத் தொடங்கும். ஓர் அணுவும் குறையாது, காரம் குறைந்துவிடும். ஆகவே எத்தனை வீதம் விளைந்தது என்று மட்டும் சொல்லும் கட்டுரை பாதிக் கட்டுரைதான். எந்த வடிவம் விளைந்தது என்பதே முதற் கேள்வி.

லாடன்பர்க்கும் ஷோல்ட்ஸும் 1894இல் உலோக ஊக்கியின்றியே பைப்பரினைத் தொகுத்தார்கள். இன்று நம் கையில் பல்லேடியம் இருக்கிறது. ஹெக் தாக்கத்தில் அற்கீன் பல்லேடியத்துக்கும் காபனுக்கும் இடையில் புகுகிறது. பிறகு பக்கத்து ஐதரசன் ஒன்று உலோகத்தோடு கழன்றுவிடுகிறது. கழலும் வேளையில் பருத்த கூட்டங்கள் ஒன்றையொன்று விலகி நிற்பதால்தான் பெரும்பாலும் திரான்ஸ் கிடைக்கிறது. பல்லேடிய ஊக்கியால் காபன்களை இணைக்கும் இத்தகைய தாக்கங்களுக்காக ஹெக், நெகிஷி, சுசுகி ஆகியோருக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 2005இல், அற்கீன் இடமாற்றத் தாக்கத்துக்கான பரிசை ஷோவின், கிரப்ஸ், ஷ்ரொக் பெற்றிருந்தார்கள். நைதரசன் வளையங்களை மூட அது அருமையான வழி.

பல்லேடியம் விலையுயர்ந்தது. மிளகுக் கொடிக்கோ அது தேவையில்லை. லைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வளையத்தைக் கட்டி, சாதாரண வெப்பநிலையிலேயே நொதியத்தால் அதை மற்றப் பகுதியோடு பிணைத்துவிடுகிறது. அந்த இறுதிப் படியின் நொதியத்தை ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் 2021இல் அடையாளம் காட்டினார்கள். ஆகவே பல்லேடியத்துக்குப் பதிலாக நிக்கல், செம்பு, இரும்பு ஆகியவற்றில் உழைக்கும் இளையவர்களை இந்த அரங்கு முன்னிறுத்த வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கைகூடாத தாக்கங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்தவருக்கு ஆறு மாதம் மிச்சப்படும்.

முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன். கருக்காந்தப் பரிவு நிறமாலையை முதலில் திரையில் போடுங்கள். இரட்டைப் பிணைப்பின் இரு ஐதரசன்களின் இணைப்பு மாறிலி திரான்ஸைக் காட்டும் 15 ஹேர்ட்ஸா, சிஸைக் காட்டும் 10 ஹேர்ட்ஸா என்று எல்லோரும் பார்ப்போம்.