மழை விட்ட பிறகு வந்த தண்ணி

வெள்ளம்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? கரை உடைஞ்சு வர்ற ஆறு, தெருவுல ஓடுற தண்ணி, வாசப்படி தாண்டி உள்ளே நுழையுற தண்ணி. இன்னைக்கு நான் பேசப்போறது வாசல் வழியா வராத ஒரு வெள்ளத்தைப் பத்தி. அது தரைக்குக் கீழே இருந்து வரும்.

எங்க அத்தை வீடு திருவாமாத்தூர்ல இருக்கு. விழுப்புரத்துக்குப் பக்கத்துல, பம்பை ஆத்தங்கரை ஊர். தேவாரம் பாடின மூணு பேரும் பாடின அபிராமேசுவரர் கோயில் அங்கேதான் இருக்கு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்துட்டுப் போகாம பல மணி நேரம் அங்கேயே நின்னு கொட்டுச்சு. விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல 24 மணி நேரத்துல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அதிகாலையில சாத்தனூர் அணையில இருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணி திறந்தாங்க. தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கினதை எல்லாரும் டிவியில பார்த்தோம்.

அத்தை வீட்டுக்குள்ள ஆத்துத் தண்ணி வரல. மழை விட்டுச்சு, தெருவுல தேங்கினதும் வடிஞ்சிருச்சு. "தப்பிச்சோம்டா"ன்னு போன்ல சொன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே திரும்பக் கூப்பிட்டாங்க. "டேய், அடுப்படியில டைல்ஸ் இடுக்குல தண்ணி ஊறுதுடா. துடைக்கத் துடைக்க வருது. பைப்பு ஒண்ணும் உடையல."

நான் போய்ப் பார்த்தப்போ கணுக்கால் அளவு தண்ணி நின்னுச்சு. சேறு இல்ல, தெளிஞ்ச தண்ணி. கக்கூஸ்ல தண்ணி ஊத்தினா உள்ளே போகல. மாமா மோட்டார் வெச்சு இறைச்சுத் தெருவுல விட்டுட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே பண்ணார். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியும் காலையில அதே கணுக்கால் அளவு. "நீ விடுற தண்ணிதான்யா என் வீட்டுக்கு வருது"ன்னு ரெண்டு பேருக்கும் சண்டை வேற. இருபது வருஷமா பொங்கப்பானை பக்கத்துல பக்கத்துல வெச்ச குடும்பங்கள்.

எதிர்வீட்டுப் பெரியவர்தான் மாமாவைக் கூட்டிட்டுப் போய்ப் பின்பக்கக் கிணத்தைக் காட்டினார். கோடையில வாளிக்கு முழுக் கயிறும் பத்தாத கிணறு அது. அன்னைக்கு குனிஞ்சா கை நனையுது. அடுப்படித் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் ஒரே மட்டம். பெரியவர் சொன்னார்: "நீ வீட்டை இறைக்கல தம்பி. கிணத்தை இறைச்சிட்டிருக்கே."

இதுதான் நிலத்தடி நீர் வெள்ளம். மண்ணுக்குக் கீழே தண்ணி நிக்கிற மட்டம் மேலே ஏறி வீட்டுத் தரையைத் தொட்டுடுது. இங்கிலாந்துல 2000-01 குளிர்காலத்துல சுண்ணப்பாறைப் பகுதிகள்ல இப்படித்தான் வாரக்கணக்கா வீடுகளுக்குள்ள தண்ணி நின்னுச்சு. அங்கே இந்த அபாயம் இருக்கிற இடங்களுக்குத் தனி வரைபடமே போட்டிருக்காங்க.

'நிலத்தடி நீர் ஏறினா நல்லதுதானே'ன்னு தோணும். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஒரு கணக்கு இருக்கு. விழுப்புரம் மாவட்டத்துல பெரும்பகுதி கடினப் பாறை. மேலே இருக்கிற சிதைஞ்ச பாறை அடுக்குலதான் தண்ணி தங்கும். அந்த மாதிரி அடுக்குல ஒரு கன மீட்டர்ல சுமார் 15 முதல் 30 லிட்டருக்குத்தான் இடம்னு மத்திய நிலத்தடி நீர் வாரியம் கணக்கு வெச்சிருக்கு. ஆத்து மணல்னா சுமார் 160 லிட்டர். அதனால 1 சென்டிமீட்டர் மழை உள்ளே இறங்கினா, மணல்ல நீர்மட்டம் சுமார் 6 சென்டிமீட்டர் ஏறும். சிதைஞ்ச பாறையில 30, 60 சென்டிமீட்டர் ஏறும். சின்னப் பாத்திரம் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். கோடையில சீக்கிரம் காயறதும் அதே பாத்திரம்தான்.

அதோட நாம வீடு கட்டின இடத்தையும் பார்க்கணும். அந்தத் தெரு முன்னாடி நஞ்சை. தண்ணி நிக்கும்னு தெரிஞ்சுதான் அங்கே நெல்லு போட்டாங்க. நாம மனை போட்டோம். அப்புறம் ரோடு. பழையதைச் சுரண்டாம மேல மேல போட்டுப் போட்டு தெரு உசந்துடுச்சு, வீடு பள்ளமாயிடுச்சு. 2021-ல அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டதுக்குக் காரணமே இதுதான்.

சரி, உங்க வீட்டுல இப்படி ஆனா என்ன செய்யணும்?

முதல்ல மெயின் ஸ்விட்சை அணைங்க. ஈரத்துல நின்னு அணைக்க வேண்டியிருந்தா தொடாதீங்க, மின்வாரிய ஆளைக் கூப்பிடுங்க. அடுத்து, பக்கத்துக் கிணத்தை எட்டிப் பாருங்க. வீட்டுத் தரையும் கிணத்துத் தண்ணியும் ஒரே மட்டம்னா இறைச்சுப் பிரயோஜனம் இல்ல.

சம்பைக் காலியா வைக்காதீங்க, நிரப்பி வைங்க. சுத்தி தண்ணி நிக்கும்போது காலி சம்ப்பை அது படகு மாதிரி மேலே தூக்கும், சுவர் விரிசல் விடும். செப்டிக் டேங்குக்கும் அதே கதைதான். கக்கூஸ் அடைச்சிருக்குன்னு லாரி கூப்பிட்டு முழுசாக் காலி பண்ணிடாதீங்க.

கிணறு, போர் தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும். ஏன்னா செப்டிக் டேங்கும் கிணறும் இப்போ ஒரே தண்ணியில நிக்குது.

அத்தை தெருவுல கடைசியா என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். தெருவுக்குப் பின்னாடி வீட்டுத் தரைகளைவிடத் தாழ்வா ஒரு பழைய வடிகால் வாய்க்கால் இருக்கு. வயல்ல மிஞ்சின தண்ணி ஆத்துக்குப் போற வழி. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி மூடிப் போச்சு. எல்லா வீட்டுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஜேசிபி வெச்சு அதைத் தோண்டினாங்க. மேலே வந்த உடைஞ்ச டைல்ஸைப் பார்த்து அத்தை சொன்னாங்க, "இது நம்ம பாத்ரூம் டைல்ஸாச்சே!" மாமா வாயே திறக்கல. பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல்ல சிரிச்சார்.

வாய்க்கால் திறந்ததும் தண்ணி உடனே இறங்கல. தினம் ரெண்டு விரக்கடைதான் இறங்குச்சு. அடுப்படி காய ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. ஆனா மோட்டாரும் சண்டையும் அன்னைக்கே நின்னுடுச்சு.

வீட்டுக்கு வீடு காம்பவுண்ட் சுவர் இருக்கு. ஆனா அஸ்திவாரத்துக்குக் கீழே தெரு முழுக்க ஒரே தண்ணி. ஒரு வீடு மட்டும் அதை இறைச்சுத் தீர்க்க முடியாது. வாய்க்காலை மூடறது ஒரு வீடா இருக்கலாம், திறக்கறதுக்குத் தெருவே வரணும்.

அத்தை இப்போ காலண்டர்ல கிணத்து மட்டம் குறிக்கிறாங்க, ஐப்பசியில ஆரம்பிச்சு தை வரைக்கும், வாரம் ஒரு தடவை. எத்தனை கை ஆழத்துல தண்ணி இருக்குன்னு, அவ்வளவுதான். உங்க தெருவுலயும் ஒரு கிணறு இருந்தா, அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.